பள்ளி வாரியத் தேர்தலில் ஆசிரியர் சங்கம் யாரை ஆதரிப்பது என்று எப்படி முடிவு செய்கிறது?

கலிஃபோர்னியாவில் முதன்முறையாக உள்ளூர்த் தேர்தலில் வாக்களிக்கப் போகும் பெற்றோர் என்று உங்களை அறிமுகம் செய்துகொண்டு கேட்டிருக்கிறீர்கள். உள்ளூர்ப் பொதுப்பள்ளிகளை ஆளும், மக்கள் தேர்ந்தெடுக்கும் குழுவான பள்ளி வாரியத்தின் ஓர் இடத்துக்கு நான்கு பேர் போட்டியிடுகிறார்கள், அவர்களில் ஒருவரின் படத்தோடு ‘ஆசிரியர்களின் ஆதரவு பெற்றவர்’ என்ற அட்டை தபாலில் வந்திருக்கிறது, அந்த ஆதரவை ஆசிரியர்கள் எல்லோரும் வாக்களித்து முடிவு செய்கிறார்களா, அல்லது சங்கத் தலைவர்கள் நாலைந்து பேர் கூடித் தீர்மானிக்கிறார்களா என்பது உங்கள் கேள்வி. நடைமுறையைப் பற்றிக் கேட்டிருந்தாலும், அந்த அட்டையை நம்பி வாக்களிக்கலாமா என்பதே உங்கள் உண்மையான ஐயம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே இரண்டுக்கும் பதில் சொல்ல முயல்கிறேன்.

இந்த மாநிலத்தின் நடுத்தர அளவுள்ள பள்ளி மாவட்டங்களில் (ஒரு வாரியத்தின் கீழ் வரும் பள்ளிகளின் தொகுதியே பள்ளி மாவட்டம்; கீழே ‘மாவட்டம்’ என்பதும் அதையே குறிக்கும்) பல ஆண்டுகள் கணிதம் கற்பித்தேன். சங்கத்தில் பள்ளிப் பிரதிநிதியாகவும், பின்னர் வேட்பாளர்களை நேர்காணும் குழுவின் உறுப்பினராகவும் இருந்திருக்கிறேன். எனவே என் பார்வை சங்கத்துக்குள்ளிருந்து உருவானது. அதற்குரிய சாய்வு இந்தப் பதிலில் இருக்கும் என்பதை மனத்தில் கொண்டு படியுங்கள். நான் சொல்பவை கலிஃபோர்னியாவுக்குப் பொருந்துபவை. அமெரிக்கா முழுவதும் இப்படித்தான் என்று கொள்ள வேண்டாம். நியூயார்க் நகரில் 2002 முதல் பள்ளிகள் மேயரின் கட்டுப்பாட்டில் இருப்பதால் அங்கே சங்கத்தின் கவனம் மேயர் தேர்தலின் மீது இருக்கும். டெக்சஸில் ஆசிரியர்களுக்குக் கூட்டுப் பேர உரிமையே, அதாவது சங்கமாகச் சேர்ந்து நிர்வாகத்துடன் பேசி ஒப்பந்தம் செய்யும் உரிமையே, சட்டத்தில் இல்லை என்பதால் ஆதரவின் பொருளே அங்கு வேறாகிவிடுகிறது.

முதலில் சங்கம் ஏன் இதில் இறங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். 1975 இல் நிறைவேறிய ராடா சட்டம் கலிஃபோர்னியாவின் பொதுப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கூட்டுப் பேர உரிமையைத் தந்தது. ஊதியம், மருத்துவக் காப்பீடு, வகுப்பில் எத்தனை மாணவர்கள் இருக்கலாம் என்ற வரம்பு, இடமாற்ற விதிகள் ஆகியவை அந்தப் பேச்சுவார்த்தையில்தான் முடிவாகின்றன. மேசையின் மறுபக்கத்தில் நிர்வாகத்தின் பேச்சாளர்கள் உட்கார்ந்தாலும், அவர்கள் எவ்வளவு தூரம் இறங்கி வரலாம் என்று மூடிய கூட்டத்தில் சொல்லி அனுப்புவதும், முடிவில் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தருவதும் பள்ளி வாரியமே. மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளரை நியமிப்பதும் நீக்குவதும் அதே வாரியம். ஆக, வாரியத் தேர்தலில் சங்கம் ஒருவரை ஆதரிக்கும்போது, தன் உறுப்பினர்களுடைய முதலாளி யாராக இருக்க வேண்டும் என்பதில் அது கை வைக்கிறது. சங்கத்தின் விமர்சகர்கள் இதைத்தான் குறையாகச் சொல்கிறார்கள். அவர்கள் விவரிக்கும் நிலைமை உண்மை. அதை மறுத்துப் பயனில்லை. ஆனால் சார்ட்டர் பள்ளி (அரசுப் பணத்தில், தனி நிர்வாகத்தின் கீழ் இயங்கும் பள்ளி) ஆதரவாளர்கள், கட்டுமான ஒப்பந்தக்காரர்கள், நிலவணிகர்கள், பெற்றோர் குழுக்கள் எனப் பலரும் தத்தம் நலன் கருதி இதே தேர்தலில் இறங்குகிறார்கள். ஆசிரியர்கள் மட்டும் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதற்கு ஏற்கத்தக்க காரணம் எதையும் நான் இதுவரை கேட்டதில்லை.

நேர்காணலில்தான் தேர்வு தொடங்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு ஓராண்டு முன்பே பாதி வேலை முடிந்துவிடும். பதவியில் இருப்பவர் மீண்டும் நிற்பாரா, அவர் கடந்த நான்கு ஆண்டுகளில் எப்படி வாக்களித்தார், நிற்கவில்லை என்றால் யாரைக் கேட்கலாம் என்ற பேச்சு சங்க நிர்வாகிகளிடையே ஓடிக்கொண்டே இருக்கும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் உழைத்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், பக்கத்து மாவட்டத்தில் பணியாற்றிக்கொண்டு இந்த மாவட்டத்தில் வசிக்கும் ஆசிரியர் போன்றவர்களிடம் நிற்கச் சொல்லிக் கேட்பார்கள். பக்கத்து மாவட்டம் என்று சொல்லக் காரணம் உண்டு: கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளி மாவட்டத்தின் ஊழியர் அதே மாவட்டத்தின் வாரியத்தில் அமர முடியாது, வென்றால் பதவியேற்பதற்கு முன் வேலையை விட்டாக வேண்டும். இப்படிச் சங்கமே தேடிப் பிடித்து நிறுத்திய ஒருவரும், தானாக வந்த ஒருவரும் அதே நேர்காணலுக்கு வரும்போது இருவருக்கும் சமவாய்ப்பு இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். குழுவினர் நேர்மையாகவே நடந்துகொண்டாலும், ஏற்கெனவே பழகிய முகத்தின் மேல் நம்பிக்கை கூடுதலாகத்தான் இருக்கும்.

நவம்பர் தேர்தலுக்கு வேட்புமனு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் முடிவடையும். அதற்குப் பின் சங்கம் எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே கேள்வித்தாளை அனுப்பும். எழுத்தில் பதில் தந்தவர்கள் நேர்காணலுக்கு அழைக்கப்படுவார்கள். நான் இருந்த குழுவில் நேர்காணல் பள்ளி முடிந்த மாலை நேரத்தில், சங்க அலுவலகத்தின் நீள்மேசையைச் சுற்றி நடக்கும். தொடக்கப்பள்ளி, நடுநிலைப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி மூன்றிலிருந்தும் ஆட்கள் இருக்க வேண்டும். சிறப்புக் கல்வி ஆசிரியர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். ஒவ்வொரு கேள்வியையும் இன்னார் கேட்பார் என்று முன்கூட்டியே பிரித்துக்கொண்டு, எல்லோரிடமும் ஒரே வரிசையில், ஒரே கால அளவில் கேட்போம். குறுக்குக் கேள்வியைக் கடைசியில்தான் வைத்துக்கொள்வோம்.

கேள்விகள் எப்படியிருக்கும் என்பதற்கு இரண்டைச் சொல்கிறேன். ஆயிரத்துக்கு மேல் முப்பதாயிரம் வரை மாணவர் உள்ள மாவட்டம் தன் செலவில் 3 விழுக்காட்டைக் கையிருப்பாக வைத்திருக்க வேண்டும் என்பது மாநிலத்தின் குறைந்தபட்ச அளவு. பல மாவட்டங்கள் அதைவிடப் பன்மடங்கு வைத்திருக்கும். ‘எவ்வளவு கையிருப்பு போதும் என்று நினைக்கிறீர்கள், ஏன்?’ என்று கேட்போம். இந்தக் கேள்விக்கு வரவு செலவுத் திட்டத்தைப் படித்துவிட்டு வந்தவர் ஒரு மாதிரியும், படிக்காமல் வந்தவர் இன்னொரு மாதிரியும் பதில் சொல்வார்கள். இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டாவது, பேச்சுவார்த்தை முறிந்து, நடுவரின் முயற்சியும் பலிக்காமல், மூவர் கொண்ட உண்மையறியும் குழு அறிக்கை தந்த பிறகு வாரியம் தன் கடைசி நிபந்தனைகளை ஒருதலையாகத் திணிக்கச் சட்டம் இடம் தருகிறது. சங்கத்துக்கு அப்போது வேலைநிறுத்தம் செய்யும் வழி திறக்கிறது. ‘அந்தக் கட்டத்தில் உங்கள் முன் அந்த அறிக்கை இருந்தால் எப்படி யோசிப்பீர்கள்?’ என்று கேட்போம். ‘எப்படி வாக்களிப்பீர்கள்’ என்று கேட்காமல் ‘எப்படி யோசிப்பீர்கள்’ என்று கேட்பது தற்செயல் அன்று. ஆதரவுக்குப் பதிலாக இன்ன தீர்மானத்தில் இன்ன வாக்கு என்று உறுதி வாங்குவது பேரமாகி, லஞ்சச் சட்டத்தின் எல்லைக்குள் போய்விடும் என்பதைச் சங்கத்தின் வழக்கறிஞர்கள் ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் எங்களுக்கு நினைவூட்டுவார்கள்.

எல்லாக் கேள்விக்கும் ‘நான் ஆசிரியர்கள் பக்கம்தான்’ என்று சொல்லும் வேட்பாளர்களைக் குழுவில் அனுபவமுள்ளவர்கள் நம்புவதில்லை. சார்ட்டர் பள்ளி ஒன்றின் விண்ணப்பம் பற்றி, ‘ஆவணத்தைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன்’ என்று மறுத்த ஒருவருக்கு எங்கள் குழுவில் நல்ல மதிப்பெண் கிடைத்தது. ஆனால் குழுவுக்கு வெளியே, பிரதிநிதிகளின் கூட்டத்தில், அதே பதில் அவருக்கு எதிராகப் போனது. இரண்டு இடத்திலும் இருந்தவர்கள் ஆசிரியர்களே.

இனி உங்கள் நேரடிக் கேள்விக்கு வருகிறேன். எல்லா உறுப்பினர்களும் வாக்களித்து ஆதரவை முடிவு செய்வது அரிது. பொதுவாக நேர்காணல் குழு பரிந்துரைக்கும், செயற்குழு அதைப் பார்க்கும், ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளின் மன்றம் வாக்களித்து முடிவு செய்யும். சில சங்கங்களில் பெரும்பான்மை போதும். சிலவற்றில் அதைவிடக் கூடுதலான விழுக்காடு வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் ஆசிரியர்களின் சங்கமான யுடிஎல்ஏவில் பேஸ் என்ற அரசியல் பிரிவு வேட்பாளர்களை ஆராய்ந்து பரிந்துரைக்கிறது, இறுதி முடிவு சங்கத்தின் பிரதிநிதிகள் சபையில் எடுக்கப்படுகிறது. ஆக, ‘நாலைந்து பேர் முடிவு செய்கிறார்கள்’ என்பதும் சரியன்று, ‘ஆசிரியர்கள் அனைவரின் தீர்ப்பு’ என்பதும் சரியன்று. நடப்பு இடையில் எங்கோ இருக்கிறது, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பது பள்ளிப் பிரதிநிதிகளைப் பொறுத்தது. தன் பள்ளியின் ஓய்வறையில் சக ஆசிரியர்களிடம் கேட்டுக்கொண்டு வந்து வாக்களிக்கும் பிரதிநிதிகளும் இருக்கிறார்கள்; பரிந்துரையைக் கூட்டத்தில்தான் முதன்முதலாகப் பார்த்துக் கையை உயர்த்துபவர்களும் இருக்கிறார்கள். போட்டியே இல்லாமல் பிரதிநிதியானவர்கள் மிகுதி. மாலை ஐந்து மணிக்கு மேல் கூட்டத்துக்கு வர, கைக்குழந்தை உள்ள இளம் ஆசிரியர்களால் முடிவதில்லை. வருகிறவர்களில் மூத்தவர்களே அதிகம். ஆகவே பணிமூப்பு தொடர்பான கேள்விகளுக்குக் கிடைக்கும் எடை, புதிய ஆசிரியர்களின் தொடக்க ஊதியத்துக்குக் கிடைப்பதில்லை என்பது என் கணிப்பு. இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

சங்கங்கள் வெளியே அதிகம் பேசாத இன்னொரு அளவுகோலும் உண்டு. அது வெற்றி வாய்ப்பு. மனத்துக்குப் பிடித்தவர் தோற்பார் என்று தெரிந்தால், ஓரளவு ஏற்கத்தக்கவரும் வெல்லக்கூடியவருமான இன்னொருவரை ஆதரிப்பது வழக்கம். வெல்பவர் நான்கு ஆண்டுகள் மேசையின் மறுபக்கத்தில் இருக்கப் போகிறார் என்பதால், அவரைப் பகைத்துக்கொள்ளாமல் ‘யாருக்கும் ஆதரவில்லை’ என்று விட்டுவிடுவதும் உண்டு. ஒரே இடத்துக்கு இருவரையும் ஏற்கத்தக்கவர்கள் என்று அறிவித்த சங்கங்களும் உண்டு. பெயரளவில் எல்லாமே ஆதரவு என்றாலும், பணமும் ஆளும் இறக்கிச் செய்யும் ஆதரவு வேறு, இணையதளத்தில் ஒரு வரியோடு நின்றுபோகும் ஆதரவு வேறு.

தொழிலாளர் சங்கங்கள் எல்லாம் ஒரே பக்கம் நிற்கும் என்றும் எண்ண வேண்டாம். 2022 இல் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி வாரியத்தின் இரண்டாம் தொகுதியில் யுடிஎல்ஏ ரோசியோ ரிவாஸை ஆதரித்தது. உணவுக்கூட ஊழியர்கள், பேருந்து ஓட்டுநர்கள், உதவி ஆசிரியர்கள் ஆகியோரின் சங்கமான எஸ்இஐயு உள்ளூர்க் கிளை 99, மரியா பிரெனஸுக்குப் பின்னால் நின்றது. ரிவாஸ் வென்றார். ஆதரவு தந்த பின் திரும்பப் பெறுவதும் நடக்கும்: 2024 மார்ச் முதற்கட்டத் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, தான் ஆதரித்த வேட்பாளர் ஒருவரின் சமூக ஊடகப் பதிவுகளில் யூத வெறுப்பு வெளிப்பட்டதால் அதே யுடிஎல்ஏ தன் ஆதரவுப் பிரசாரத்தை நிறுத்தியது. பல படிகளைக் கடந்த நடைமுறையில் இது எப்படித் தப்பியது என்ற கேள்வி எழத்தான் செய்யும். என் அனுபவத்தில், குழுக்கள் வேட்பாளரின் கல்விக் கொள்கையைத் துருவிப் பார்க்கும் அளவுக்கு அவருடைய பழைய பேச்சையும் எழுத்தையும் பார்ப்பதில்லை. குழுவில் உள்ளவர்கள் பகல் முழுவதும் வகுப்பெடுத்துவிட்டு வந்து ஊதியமின்றி இந்த வேலையைச் செய்பவர்கள்.

உங்கள் வரிப்பணம் இதில் போகிறதா என்றும் கேட்டிருந்தீர்கள். இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. பள்ளி மாவட்டத்தின் பணம், பொருள், சேவை எதையும் வேட்பாளருக்கு ஆதரவாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது மாநிலக் கல்விச் சட்டம். சான் லியாண்ட்ரோ ஆசிரியர் சங்கம் வாரிய வேட்பாளர்களை ஆதரித்து வெளியிட்ட செய்திமடலைப் பள்ளிகளில் உள்ள ஆசிரியர்களின் தபால் பெட்டிகளில் போட்டது வழக்காகி, அந்தப் பெட்டிகளும் மாவட்டத்தின் உடைமையே, ஆகவே தேர்தல் ஆதரவுக்கு அவற்றைப் பயன்படுத்துவதை மாவட்டம் தடுக்கலாம் என்று கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 2009 இல் தீர்ப்பளித்தது. சங்கத்தில் சேராதவர்களிடம் கட்டாயக் கட்டணம் வாங்கும் முறையை 2018 ஜூனில் ஜேனஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. ஆகவே இன்று செலவாவது உறுப்பினர்களின் பணம். மாநில அளவிலான கலிஃபோர்னியா ஆசிரியர் சங்கம் சந்தாவிலிருந்து ஒரு பகுதியை ஏபிசி என்ற குழுவின் வழியாக உள்ளூர்த் தேர்தல்களுக்கு ஒதுக்குகிறது. யுடிஎல்ஏவின் பேஸ் நிதியோ உறுப்பினர்கள் விருப்பத்தின் பேரில் தனியாகத் தருவது.

அட்டையைப் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஆசிரியர்களின் அமைப்பு போலத் தோன்றும் பெயரோடு, பல பதவிகளுக்கான வேட்பாளர்களை வரிசையாக அச்சிட்டு வரும் அட்டைகளும் உண்டு. இவற்றில் சில, வேட்பாளர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு அவர்கள் பெயரைப் போடும் வணிக அட்டைகள். அப்படிப் பணம் கொடுத்த வேட்பாளரின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட வேண்டும் என்று கலிஃபோர்னியச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. நட்சத்திரக் குறி இருந்தால் அது நான் மேலே விவரித்த நடைமுறையின் வழியாக வந்த ஆதரவு அன்று. உங்கள் மாவட்டத்து ஆசிரியர் சங்கத்தின் முழுப்பெயர் ‘பணம் செலுத்தியவர்’ என்ற வரியில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்த ஆதரவு தேர்தலை வென்று தருகிறதா என்பதில்தான் உறுதியாகச் சொல்லக்கூடியதும் சொல்ல முடியாததும் கலந்திருக்கின்றன. சங்கம் ஆதரித்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் வெல்கிறார்கள் என்பது அரசியல் அறிஞர் மைக்கேல் ஹார்ட்னி கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களின் தேர்தல்களை ஆராய்ந்து காட்டியது. ஆனால் வெல்லக்கூடியவரையே சங்கம் தேடிப் பிடிக்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா? ஆகவே அந்தப் பத்தில் ஏழில் ஆதரவால் வந்தது எவ்வளவு, ஆதரவு இல்லாமலே வென்றிருப்பவர்கள் எவ்வளவு என்று பிரித்தெடுப்பது கடினம். பொதுத்தேர்தலோடு சேராமல் தனியாக நடக்கும் வாரியத் தேர்தலில் வாக்களிக்க வருபவர்கள் மிகக் குறைவு. அப்போது ஆசிரியர்களும் அவர்கள் குடும்பத்தினரும் தவறாமல் வருவதால் சங்கத்தின் கை ஓங்கும் என்பதில் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். கலிஃபோர்னியா 2015 இல் இயற்றிய ஒரு சட்டத்தால் வாக்குப்பதிவு குறைவாக இருக்கும் உள்ளூர்த் தேர்தல்கள் மாநிலத் தேர்தல் நாளுக்கு நகர்ந்துவிட்டன. லாஸ் ஏஞ்சலஸ் வாரியத் தேர்தலும் 2020 முதல் அப்படித்தான் நடக்கிறது. இதனால் சங்கத்தின் செல்வாக்கு குறைந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வாக்காளர் கூடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களில் பலர் வாரிய வேட்பாளர்களைப் பற்றி ஒன்றும் அறியாமல் வாக்குச்சீட்டின் கடைசிப் பக்கத்துக்கு வருவதால், ‘ஆசிரியர்களின் ஆதரவு’ என்ற சொல்லையே பிடித்துக்கொள்கிறார்கள் என்றும் வாதிடலாம். நான் இந்த இரண்டாவது கருத்தின் பக்கம் சாய்கிறேன்.

ஆதரவு இருந்தும் தோற்பதும் சாதாரணமே. 2017 இல் லாஸ் ஏஞ்சலஸ் வாரியத்தின் தலைவராக இருந்த ஸ்டீவ் சிம்மர் யுடிஎல்ஏவின் ஆதரவோடு நின்று, சார்ட்டர் பள்ளி ஆதரவாளர்களின் பணபலம் பெற்ற நிக் மெல்வாயினிடம் தோற்றார். அந்தத் தேர்தல் பருவத்தில் வெளியாரின் செலவும் சேர்ந்து சுமார் 1.5 கோடி டாலர் கரைந்தது. பள்ளி வாரியத் தேர்தலில் அதுவரை நாடு காணாத தொகை. சிகாகோவில் 2024 நவம்பரில் முதன்முதலாகப் பள்ளி வாரியத்துக்குத் தேர்தல் நடந்தபோது, பத்துத் தொகுதிகளிலும் ஆட்களை ஆதரித்த அந்நகரத்து ஆசிரியர் சங்கத்துக்கு நான்கில் மட்டுமே வெற்றி கிடைத்தது.

அட்டையை நம்பலாமா என்பதற்கு என் பதில் இதுதான். வேட்பாளர் பள்ளி நிதியைப் பற்றி ஓரளவு படித்திருக்கிறார், ஆசிரியர்களை மதித்துப் பேசுகிறார், அவர் வந்தால் வேலைநிறுத்தம் வரை போகும் வாய்ப்பு குறையும் என்று பள்ளிகளில் வேலை செய்பவர்களில் ஈடுபாடுள்ள ஒரு பகுதியினர் கருதுகிறார்கள். அந்த அளவுக்கு அதை நம்பலாம். ஆசிரியர் தங்காத மாவட்டத்தில் பிள்ளைகள் படும் பாட்டை நேரில் பார்த்தவள் என்பதால் இதை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் உங்களுக்கு முக்கியமான எல்லாவற்றுக்கும் அது விடை தராது. வாசிப்பு கற்பிக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒலியெழுத்து அடிப்படையிலான கற்பித்தலைக் கட்டாயமாக்க 2024 இல் சட்டமன்றத்தில் வந்த மசோதாவை வாசிப்புக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் அமைப்புகள் ஆதரித்தன, மாநில ஆசிரியர் சங்கம் எதிர்த்தது, மசோதா அந்த ஆண்டு நகரவில்லை. யார் சரி என்பது இங்கே விவாதம் அன்று. பெற்றோரின் கவலையும் ஆசிரியர் சங்கத்தின் கவலையும் பிரியும் இடங்கள் உண்டு. மாணவர் எண்ணிக்கை குறைந்து பள்ளிகளை மூடும் பேச்சு வரும்போதும், சிறப்புக் கல்விச் சேவைகளின் தரம் பற்றிய பேச்சிலும் இப்படிப் பிரிவது உண்டு. அவற்றை நீங்கள்தான் வேட்பாளரிடம் கேட்க வேண்டும்.

மூன்று காரியங்களைச் செய்யப் பரிந்துரைக்கிறேன். சங்கத்தின் கேள்வித்தாளுக்கு வேட்பாளர் எழுதித் தந்த பதில்களைக் கேளுங்கள்; சங்கம் தராவிட்டாலும் வேட்பாளர் தரலாம், தரத் தயங்கினால் அதுவும் ஒரு தகவலே. அடுத்து, கவுன்டி தேர்தல் அலுவலகத்தில் வேட்பாளர்கள் தங்கள் தேர்தல் வரவு செலவைக் காட்டித் தாக்கல் செய்யும் படிவம் 460, வேட்பாளரைச் சாராமல் பிறர் செய்யும் செலவுக்கான படிவம் 496 இரண்டையும் பாருங்கள்; தேர்தலுக்கு முந்தைய 90 நாட்களில் 1,000 டாலரோ அதற்கு மேலோ இப்படிச் செலவழிப்பவர்கள் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்பதால், உங்கள் ஊரில் யார் எவ்வளவு இறக்கியிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். மூன்றாவதாக, உங்கள் பிள்ளையின் பள்ளியில் வேலை செய்யும் ஆசிரியர் யாரையேனும் நன்கு தெரியுமென்றால், இந்த ஆதரவு பற்றி அவர் பள்ளியில் யாரேனும் கருத்துக் கேட்டார்களா, அவருக்கே அந்த வேட்பாளர் மேல் என்ன எண்ணம் என்று விசாரியுங்கள். வேலை நேரத்தில் பள்ளி வளாகத்தில் இதைப் பேச அவருக்குத் தடை இருக்கலாம். ஆகவே வெளியில் பார்க்கும்போது கேளுங்கள்.